ஏலமலை ஜீப்பின் தாங்குகட்டைகள்

தேவாரத்தில் விடியலுக்கு முன்பே விழித்துக்கொள்ளும் தெருக்கள் சில உண்டு. தூக்குச்சட்டியும் பழைய சட்டையும் மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். கிழக்கு வெளுக்குமுன் ஏறிவிட்டால்தான் மலைமேல் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க நேரத்துக்குப் போய்ச் சேரலாம். மலை என்னவோ ஊருக்கு மேற்கே கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்கிறது. ஆனால் தேவாரத்திலிருந்து நேரே ஏறிச்செல்ல மோட்டார்ச் சாலை இல்லை. சாக்கலூத்து மெட்டு வழியாக ஒரு சாலை வேண்டுமென்று இவ்வூர் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறது. அது வராததால், ஜீப்புகள் வடக்கே போய்ப் போடி மெட்டு வழியாகவோ தெற்கே போய்க் கம்பம் மெட்டு வழியாகவோ சுற்றிக்கொண்டு கேரள எல்லையைக் கடக்கின்றன.

இந்தக் கட்டுரை அந்த ஜீப்பைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், ஜீப்பின் தரைத்தகட்டுக்குக் கீழே, யார் கண்ணுக்கும் படாமல் கிடக்கும் தாங்குகட்டைகளைப் பற்றியது. பழைய ஜீப்புகளையும் பிக்கப்புகளையும் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கும் ஆர்வம் சில ஆண்டுகளாகத் தமிழகத்தில் பெருகியிருக்கிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். இயந்திரத்தையும் வண்ணப்பூச்சையும் முகப்பு விளக்குகளையும் பற்றி அவ்வன்பர்கள் விரிவாகப் பேசுகிறார்கள். அடிப்பாகத்தைப் பற்றிய பேச்சு மட்டும் பட்டறைக்கு வெளியே வருவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் உழைப்பு வரலாற்றில் எழுத்தில் ஏறாத ஒரு பகுதி அங்கேதான் பதிந்திருக்கிறது என்பது என் எண்ணம். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

ஜீப் வருவதற்கு முன் இந்த மலையில் சுமை எப்படி ஏறி இறங்கியது என்பதை முதலில் பார்த்துவிடலாம். மூணாறுத் தேயிலைக்கு வழி பிறந்த கதை பலரும் அறிந்தது. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் அது குறுகிய இரட்டைத் தண்டவாளமாக மாறியது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை அதில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கி, பிறகு போடிநாயக்கனூரை அடைந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. தேயிலைக்குக் கம்பெனி இருந்தது, முதல் இருந்தது, ஆகவே கம்பிவடமும் இருந்தது. சிறு தோட்டங்களாகச் சிதறிக் கிடந்த ஏலக்காய்க்கு அந்த வசதி இல்லை. அது தலைச்சுமையாகவும் கழுதைப் பொதியாகவும் மெட்டுப் பாதைகளில் இறங்கியது. ஆட்கள் நடந்தே ஏறினார்கள், பல நாள் மலையிலேயே தங்கினார்கள். காலையில் ஏறி மாலையில் இறங்கும் தினக்கூலி வாழ்க்கை, மோட்டார் வந்த பிறகு உருவானது.

அந்த மோட்டார் ஒரு போரின் குழந்தை. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் இலகுவான உளவு வண்டி ஒன்று வேண்டுமென்று 135 நிறுவனங்களுக்கு அறிவித்தது. முதல் மாதிரியை 49 நாளில் தரவேண்டும் என்பது நிபந்தனை. பாண்டம் என்ற சிறிய நிறுவனம் அதை நிறைவேற்றியது. ஆனால் பேரளவு உற்பத்தி வில்லிஸ், ஃபோர்டு ஆகிய பெரிய கைகளுக்குப் போனது. போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இவ்விரு நிறுவனங்களிலிருந்தும் வெளிவந்தன. ராணுவ ஏடுகளில் ஜீப்பின் பெயர் 'கால் டன் டிரக்'. நாம் ஜீப்பைக் கார் இனத்தில் சேர்த்துப் பேசினாலும், அதைப் பெற்றவர்கள் அதற்கு இட்ட பெயர் டிரக் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கால் டன் என்ற அளவும் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

போர் முடிந்ததும் படைகள் விட்டுச்சென்ற வண்டிகள் இந்தியாவில் ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல்' என்ற சொல் அப்போது தமிழ்ப் பேச்சிலும் நுழைந்தது. 1945இல் தொடங்கப்பட்ட மஹிந்திரா அண்ட் முகமது நிறுவனத்தில் பங்காளியாக இருந்த குலாம் முகமது, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். நிறுவனம் 1948இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. வில்லிஸ் ஜீப்பை உதிரிகளாகத் தருவித்துப் பம்பாயில் பூட்டும் வேலையை அது நாற்பதுகளின் இறுதியில் தொடங்கியது. 1953இல் அமெரிக்காவில் வெளிவந்த, முகப்பு உயர்ந்த சிஜே 3பி என்ற வடிவம் அங்கே 1968இல் நின்றுபோனது. இந்தியாவிலோ அதன் வழித்தோன்றல்கள் மேலும் பல பத்தாண்டுகள் உற்பத்தியாயின. நம் ஊர்களில் 'மஹிந்திரா ஜீப்' என்றால் இன்றும் மனத்தில் எழுவது அந்த முகம்தான்.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் சேர்ந்தன. மலை ஒரு மாநிலம், அடிவாரம் வேறொரு மாநிலம் என்றானது. தோட்டம் மேலேயும் ஆள் கீழேயும் இருந்தார்கள். இடையில் கொண்டைஊசி வளைவுகள். செங்குத்தான ஏற்றத்திலும் தோட்டத்துக்குள் போகும் சேற்றுப் பாதையிலும் நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு சிறு வண்டியே ஏற முடியும். ஜீப்பை இந்தப் பள்ளத்தாக்கு சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் இவ்வளவுதான்.

சேர்த்துக்கொண்டது என்றால், அப்படியே ஏற்றுக்கொண்டது என்று பொருளல்ல. கால் டன் என்பது ஏறத்தாழ 230 கிலோ. ஓர் ஆளுக்கு 50 கிலோ என்று வைத்தாலும் நான்கு பேருக்கு மேல் கணக்கு இடிக்கிறது. பின்னால் வந்த நீண்ட ஜீப்புகளின் தாங்குதிறன் இதைவிடக் கூடுதல்தான். ஆனால் டிரிப் அடிக்கும் ஜீப்பில் பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் என்று ஏறுவது வழக்கமாகிப்போனது. இறங்கும்போது விறகும் காய் மூட்டையும் கூடும். வண்டி இதற்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் அதன் உடம்பை மாற்றியாக வேண்டும். பின்பக்கத் தொட்டி நீண்டது. எதிரெதிரே பலகை இருக்கைகள் வந்தன. நிற்பவர் பிடிக்கக் குழாய்க் கம்பி, மேலே படுதா, பின்னால் படிக்கட்டு எல்லாம் ஏறின. பெட்ரோல் இயந்திரம் போய் டீசல் இயந்திரம் வந்தது. இவை கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். இவ்வளவையும் தாங்குவதற்காகத் தரைக்கு அடியில் கூடுதலாகக் கட்டைகளும் இரும்புச் சட்டங்களும் வைக்கப்பட்டன. அவை கண்ணுக்குத் தெரியாதவை.

இயந்திர அறிவு இல்லாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். ஜீப்பும் பிக்கப்பும் இரண்டு அடுக்கால் ஆனவை. கீழே ஏணி போன்ற இரும்புச் சட்டகம், அதாவது சேசிஸ். இயந்திரமும் அச்சுகளும் ஸ்பிரிங் பட்டைகளும் இதில் பூட்டப்பட்டவை. மேலே மடித்த தகட்டால் ஆன தொட்டி, அதாவது பாடி. இவ்விரண்டும் சில இடங்களில் மட்டும் போல்ட்டால் இணைகின்றன. அந்த இடங்களில் தொட்டிக்கும் சட்டகத்துக்கும் நடுவே நிற்பவைதான் பாடி சப்போர்ட் எனப்படும் தாங்கிகள். தொட்டியின் அடியில் பற்றவைத்த குறுக்குச் சட்டங்களும், அவற்றுக்குக் கீழே வைக்கும் மரம், ரப்பர் அல்லது கெட்டித்துணிப் பட்டையும் சேர்ந்ததே இந்த ஏற்பாடு.

இரும்போடு இரும்பை நேரடியாகப் பற்றவைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். மலைப்பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க, எதிர் மூலைச் சக்கரம் கல்லில் ஏறும். அப்போது சட்டகம் சற்றே முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொள்வதற்காகவே அது ஏணி வடிவில் அமைக்கப்பட்டது. மேலிருக்கும் தகட்டுத் தொட்டிக்கு அந்த நெகிழ்ச்சி கிடையாது. இரண்டையும் இறுகப் பிணைத்தால் தகடு கிழியும், பற்றவைத்த இடம் விரியும். இடையில் இருக்கும் மெத்தென்ற பொருள் அந்த முறுக்கைத் தானே வாங்கிக்கொண்டு மேலே போகாமல் தடுக்கிறது. நம் மாட்டுவண்டியில் அச்சுக்கும் பாருக்கும் நடுவே மரக்கட்டை கிடப்பதை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். வண்டித் தச்சர்களின் கைகள் பிற்காலத்தில் லாரிக்கும் ஜீப்புக்கும் பாடி கட்டியதில் வியப்பில்லை. லாரிச் சட்டகத்தின் மேல் நீளவாட்டில் மரத்தைப் படுக்கவைத்து யு போல்ட்டால் இறுக்கும் முறை அவர்களுக்குப் புதிய பாடமாக இருந்திருக்காது.

போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் ஒரு விசித்திரம் உண்டு. அதன் தொட்டிக்கு அடியிலுள்ள சட்டங்கள் தொப்பியைப் போல மடிக்கப்பட்டவை. உள்ளே குடைவாக இருக்கும் அந்த வெளியில் மரத்துண்டுகளைச் செருகியிருந்தார்கள். போல்ட்டை இறுக்கும்போது மெல்லிய தகடு நசுங்காமலிருக்கவும், சட்டத்துக்கு உறுதி தரவும் இந்த ஏற்பாடு. நான்கைந்து ஆண்டு போரில் உழைத்தால் போதும் என்று செய்யப்பட்ட வண்டிக்கு அது பொருத்தமான சிக்கனம். ஆனால் மரம் நீரைக் குடித்தது. குடித்த நீர் வெளியேற வழியில்லாமல் இரும்புக்குள்ளேயே தங்கியது. மரம் இற்றது. அதைச் சுற்றியிருந்த தகடு உள்ளிருந்து வெளிநோக்கித் துருவேறியது. உலகெங்கும் இவ்வகை ஜீப்பைப் புதுப்பிப்பவர்கள் முதலில் சந்திக்கும் நோய் இதுதான். மேலே பார்த்தால் முழு வண்டி, கீழே தட்டினால் துருத்தூள் கொட்டும்.

தென்மேற்குப் பருவமழையில் ஊறும் ஏலமலையில் ஓடிய எந்த ஜீப்புக்கும், அதன் சட்டத்தில் மரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதே கதிதான். சேறு சட்டத்தின் மடிப்புகளில் அப்பிக்கொள்ளும். அது காய்வதற்குள் அடுத்த மழை வரும். தாங்கி இற்றுப்போனால் சில அறிகுறிகள் தெரியும். தரை நடுவில் தொய்யும். பின்கதவு தன் பள்ளத்தில் உட்காராது. போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து, வளைவுகளில் தொட்டி 'டக்' என்று இடம்மாறும் ஓசை கேட்கும். இந்த நிலையில் வண்டியை விற்க நினைப்பவர் செய்வது ஒன்றுதான்: மேலே பட்டி பார்த்து, பளபளப்பாகப் பெயிண்ட் அடித்துவிடுவது. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் சர்ச்சையே புதுப்பித்த ஜீப்புகளைப் பற்றியதாக இருந்தது. 1948இல் லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் 80 லட்சம் ரூபாய்க்குச் செய்த ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்த 155 ஜீப்புகள் ராணுவப் பயன்பாட்டுக்கு ஏற்றவையாக இல்லை என்று எழுந்த சர்ச்சை அது. விவகாரத்தை முடித்துக்கொள்வதாக 1955இல் அரசு அறிவித்தது.

ஆகவே, நேர்மையான புதுப்பிப்பு அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வேலையின் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்டியைத் தூக்குவதற்கு முன் அதன் திறந்த பக்கங்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்து அணைகொடுக்க வேண்டும். இற்றுப்போன தொட்டி, சட்டகத்தைவிட்டு எழும்பிய கணத்திலேயே வடிவம் இழந்துவிடக் கூடும். பிறகு சட்டகத்தின் மூலைவிட்டங்களை இருபுறமும் அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் சட்டகமே கோணியிருக்கிறது என்று பொருள். அதை நேராக்காமல் மேலே போவதில் பயனில்லை. அடுத்து, தாங்கிகளை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து ஒவ்வொன்றாகப் புதியதைப் பற்றவைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் எது எங்கே இருந்தது என்பதற்கு வண்டியே சாட்சி சொல்ல முடியாமல் போகும். மரம் வைப்பதானால் நன்றாக உலர்ந்து, நீர் புகாதபடி பக்குவம் செய்த மரமாக இருக்க வேண்டும். சிலர் மரத்தையே தவிர்த்து, நீர் வடியத் துளைவிட்டு, போல்ட்டைச் சுற்றி இரும்புக் குழாய்த் துண்டைச் செருகிவிடுகிறார்கள். கடைசியில் தொட்டியை இறக்கி, எல்லாப் போல்ட்டுகளையும் தளர்வாகவே மாட்டி, பின்கதவும் முன்கண்ணாடிச் சட்டமும் சரியாக அமைகின்றனவா என்று பார்த்து, அதன் பிறகே இறுக்க வேண்டும்.

கோயில் திருப்பணியை அருகிருந்து பார்த்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதாக இராது. தேரில் உளுத்த அச்சை மாற்றும்போது அதே இடத்தில், அதே அளவில் புதிய மரம் ஏறுகிறது. வீரபாண்டி கௌமாரியம்மன் தேரை வடம்பிடிப்பவர் எவரும், இது எந்த ஆண்டு மரம் என்று கேட்பதில்லை. தேர் ஓடிக்கொண்டிருப்பதே அதன் தொடர்ச்சி. ஜீப்பையும் இப்படிப் பார்த்தால் தாங்கி மாற்றுவதில் தயங்க ஒன்றுமில்லை. பள்ளத்தாக்கின் பட்டறைகள் இத்தனை காலம் செய்ததும் அதைத்தான். டயர்ப்பட்டையை வெட்டி வைத்தார்கள், கிடைத்த சட்டத்தைப் பற்றவைத்தார்கள், வண்டி மறுநாள் விடிகாலையில் ஏறியது.

ஆனால் சேகரிப்பாளர் கையில் இந்தக் கேள்வி வேறாகிவிடுகிறது. அவர் வண்டியை ஓட்டி வாழ்பவர் அல்லர். அதை ஒரு காலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோக விரும்புகிறவர். எந்தக் காலத்துக்கு என்பதுதான் கேள்வி. 1944இல் ஏதோ ஒரு போர்முனைக்கென்று அமெரிக்கத் தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த காலத்துக்கா, நாற்பது ஆண்டுகள் ஏலமலையில் ஆள் ஏற்றிய காலத்துக்கா? பெரும்பாலும் முதலாவதே தேர்வாகிறது. அப்போது முதலில் வெட்டி எறியப்படுபவை, பள்ளத்தாக்கு தன் தேவைக்காகச் சேர்த்த கூடுதல் தாங்கிகள்தாம். அளவுப் புத்தகத்தில் அவற்றுக்கு இடமில்லை. ஒரு சட்டத்தின் மேல் இன்னொரு சட்டம், அதன் மேல் ஒட்டு, ஒட்டின் மேல் ஒட்டு என்று கிடக்கும் அந்த அவலட்சணமான அடிப்பாகத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு, எந்தப் பக்கம் அதிகம் பேர் உட்கார்ந்தார்கள், தொட்டி எத்தனை முறை நீண்டது என்பதெல்லாம் அதில் தெரியும். அந்தப் பெண்கள் ஏறிய பாரத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கில்லை. கணக்கு இருந்த ஓர் இடம் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழமைச் சிறப்புள்ள வாகனங்களுக்கென்று தனிப் பதிவு விதிகளை அறிவித்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவில் பேணப்பட்ட, சட்டகத்திலும் உடற்கூட்டிலும் இயந்திரத்திலும் கணிசமான மாற்றம் செய்யப்படாத வண்டியே அந்தத் தகுதியைப் பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். எண்பலகையில் 'விஏ' என்ற தனி எழுத்துகள் வரும். அன்றாட உபயோகத்துக்கோ வணிகத்துக்கோ அவ்வண்டியை ஓட்டக்கூடாது. விதியின் நோக்கத்தில் குறைசொல்ல ஏதுமில்லை. போலிகளைத் தடுக்க ஓர் அளவுகோல் வேண்டியதுதான். ஆயினும் அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். மாளிகைக் கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்த ஜீப் மரபுச் செல்வம் ஆகிறது. டீசல் இயந்திரத்தோடும் நீட்டிய தொட்டியோடும் ஆயிரக்கணக்கான நாள் போடி மெட்டு ஏறிய ஜீப், உழைத்த குற்றத்துக்காகவே அந்தத் தகுதியை இழக்கிறது.

பழமையைப் போற்றும் உற்சாகத்தில் இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப்புகள் வளைவுகளில் கவிழ்ந்திருக்கின்றன, உயிர்கள் போயிருக்கின்றன. கூடுதல் தாங்கி வைத்தால் தரை தொய்யாது, ஆனால் தடை பிடிக்கும் திறன் கூடாது, அச்சின் வலிமையும் கூடாது. உயரத்தில் ஏறிய பாரம் வண்டியை எளிதில் சாய்க்கும். ஆகவே அந்த ஒட்டுச் சட்டங்களைப் பட்டறைக்காரரின் சாமர்த்தியம் என்று மட்டும் புகழ்வது நியாயமாகாது. பாதுகாப்பான பேருந்தோ நேர்வழியோ இல்லாத இடத்தில், கூலியை இழக்க முடியாதவர்கள் ஏற்றுக்கொண்ட ஆபத்தின் தடமும் அதுவே. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றி எல்லைச் சாலைகள் அடைபட்டபோதும், 2020இல் கொள்ளை நோய்க்காக எல்லை மூடப்பட்டபோதும் ஜீப்புகள் நின்றன. ஜீப் நின்றால் கீழே அடுப்பு எரிவது சிரமம், மேலே காய் செடியிலேயே பழுத்து உதிரும். இந்த மலையின் இரு மாநிலங்களும் எதன்மேல் நின்றுகொண்டிருந்தன என்று அந்த நாள்களில் தெரிந்தது.

புதுப்பிக்கும் அன்பர்களைக் குறைகூற இதை எழுதவில்லை. அவர்கள் இல்லையென்றால் வண்டியே மிஞ்சாது. இற்ற தாங்கியை மாற்றத்தான் வேண்டும், அதில் இரண்டாம் கருத்து இல்லை. நான் கேட்டுக்கொள்வது சிறிய காரியம். வெட்டுவதற்கு முன் அடிப்பாகத்தைப் படம் எடுத்து வையுங்கள். எது ஆலையில் வைத்தது, எது இங்கே வைத்தது என்று ஒரு நோட்டில் வரைந்து, அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை விற்றவரிடம் விலையைப் பேசியபின், அது எந்தத் தோட்டத்துக்கு, எந்த வழியாக, எத்தனை பேரை ஏற்றிப் போயிற்று என்றும் கேளுங்கள். அதில் ஏறிப்போன பெண்கள் இன்னும் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். அவர்களுக்கு நினைவிருக்கும், எந்த இடத்தில் உட்கார்ந்தால் தரை அதிரும் என்பது உட்பட.

வெட்டியெடுத்த கட்டைகளில் ஒன்றையாவது எடைக்குப் போடாமல் வைத்துக்கொள்ளலாம். கண்காட்சியில் வண்டியை நிறுத்தும்போது, பளபளக்கும் முகப்புக்கு அருகில் ஒரு சிறு பலகைமேல் அந்தத் துருப்பிடித்த ஒட்டுச் சட்டத்தையும் வைத்து, 'தேவாரத்திலிருந்து ஏலமலைக்கு' என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். பார்க்க வரும் குழந்தை கட்டாயம் அதைச் சுட்டி, இது எதற்கு என்று கேட்கும்.